கோயில்பிள்ளைக்கு ஓர் இலை

நாலு வருஷத்துக்கு முன்னால், எங்கள் ஊர் தேவாலயத்தின் அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, முந்தின ராத்திரி, மணியடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பதிலை எதிர்பார்த்துக் கேட்டதுகூட இல்லை. வெங்காய மூட்டையின் சணலைப் பிரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து வேதாகமத்தில் பிலிப்பியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை யார் எங்கே வாசித்தாலும் எனக்கு வெங்காய வாடை அடிக்கிறது.

எங்கள் ஊர் திருச்செந்தூர் பக்கம், தேரிக்காட்டை ஒட்டி இருக்கிறது. சிவந்த மணலும் பனையும் உடைமரமுமாகக் கிடக்கும் ஊரில் பிழைப்புக்கு என்ன இருக்கிறது? பாதிப் பேர் சென்னையிலும் மும்பையிலும் வளைகுடாவிலும் இருக்கிறோம். வருஷத்துக்கு ஒருமுறை, கோயிலை அர்ப்பணித்த நாளைக் கொண்டாடுகிற பிரதிஷ்டைப் பண்டிகைக்கு எல்லோரும் வந்துவிடுவோம். சனிக்கிழமை சாயங்காலம் ஆராதனை, ஞாயிறு காலையில் அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்து, மத்தியானம் அசனம். ஊரே ஒரே அடுப்பில் சமைத்து ஒரே பந்தலில் சாப்பிடுகிற அந்த நாளுக்காக அமெரிக்காவிலிருந்து டிக்கெட் எடுத்து வந்தவர்களை எனக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை எங்கள் சபைப் போதகர் ஐயரவர்கள் பிரசங்கத்துக்கு எடுத்த பிலிப்பியர் வசனம், "ஒன்றையும் வாதினாலாவது வீண் பெருமையினாலாவது செய்யாமல், மனத்தாழ்மையினாலே ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணக்கடவீர்கள்." நன்றாகவே பேசினார். முடிக்கிற நேரத்தில், மணிக்கயிறு தொங்குகிற வாசல் பக்கமாகக் கையை நீட்டினார். "மனத்தாழ்மைன்னா என்னன்னு ரொம்ப தூரம் தேட வேண்டாம். நம்ம கோயில்பிள்ளையைப் பாருங்க. முப்பது வருஷமா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினது உண்டா? ஒரு நாளாவது முன்னால வந்து உட்கார்ந்தது உண்டா?" சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. சிலர் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதையும் தாழ்மைக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டோம்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் கோயிலுக்குப் பின்னால் வெங்காயம் உரிக்கிற கூட்டத்தில் போய் உட்கார்ந்தேன். ஊரிலுள்ள பெண்களில் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள். ஆண்கள் கறி வெட்டுகிறோம் என்ற பேரில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். கோயில்பிள்ளை ஒரு மூட்டையைத் தூக்கி வந்து இறக்கினார். ஆரம்பப் பள்ளியில் எனக்கு நாலு வகுப்பு மூத்தவர் அவர். நேரில் அண்ணாச்சி என்பேன். அவர் இல்லாத இடத்தில் எனக்கும் அவர் வெறும் கோயில்பிள்ளைதான். "ஐயர் இன்னைக்கு உங்களை எவ்வளவு பெருமையாச் சொன்னாரு, பாத்தீங்களா அண்ணாச்சி?" என்றேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"தாழ்மையா இருக்கேன்னு சொன்னாரு" என்றார். சணல் முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். "நான் எப்ப தம்பி மேல இருந்தேன், எறங்கி வாறதுக்கு?"

பக்கத்திலிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அவர் அடுத்த மூட்டைக்குப் போய்விட்டார்.

இரண்டு விதமான தாழ்வு

முதலில் என் மனம் அதற்கு ஒரு சுலபமான விளக்கம் சொல்லிப் பார்த்தது. சம்பளம் பற்றாது, மனுஷன் ஏதோ சலிப்பில் பேசிவிட்டார் என்று. சம்பளம் பற்றாது என்பது உண்மைதான். கோயிலைக் கூட்டுவது, மணியடிப்பது, விளக்கு, பாய், தண்ணீர்த் தொட்டி, சாவு விழுந்தால் துக்கமணி, கல்லறைத் தோட்டத்தில் முள் வெட்டுவது, போதகர் வீடான குருமனைக்கு மின்சாரக் கட்டணம் கட்டிவிட்டு வருவது என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர் வாங்குவது, சென்னையில் என் மகன் இணையத்துக்கும் தின்பண்டத்துக்கும் ஒரு மாதத்தில் செலவழிப்பதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். ஆனால் அவர் கேட்டது சம்பளத்தைப் பற்றி இல்லை. மொழியைப் பற்றி. எங்கள் பிரசங்கங்களில் தாழ்மை என்கிற வார்த்தை எந்தப் பக்கமாகப் பாய்கிறது என்பதைப் பற்றி.

"தன்னைத் தாழ்த்துகிறவன் உயர்த்தப்படுவான்." ஞாயிறு பள்ளியில் மனப்பாடமாகச் சொல்லிப் பரிசு வாங்கிய வசனம். லூக்கா பதினாலாம் அதிகாரத்தில் இயேசு அதைச் சொல்கிற இடத்தைப் பாருங்கள். ஒரு பரிசேயத் தலைவன் வீட்டுச் சாப்பாடு. வந்தவர்கள் முந்திப்போய் முதன்மையான இடங்களைப் பிடிக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, அவர்களிடம்தான் சொல்கிறார். அடுக்களையில் நின்றவர்களைக் கூப்பிட்டு, நீங்கள் இன்னும் கொஞ்சம் கீழே போங்கள் என்று அவர் சொன்னதாக நான்கு சுவிசேஷத்திலும் இல்லை.

தமிழில் இந்த விஷயம் பளிச்சென்று தெரிய வேண்டும். தன்னைத் தாழ்த்துகிறவன் என்று ஒரு சொல் இருக்கிறது. தாழ்த்தப்பட்டவர் என்று இன்னொரு சொல் இருக்கிறது. வினைச்சொல் ஒன்றுதான். முதலாவதில் ஒருவன் தானாகச் செய்கிறான். இரண்டாவதில் அவனுக்கு யாரோ செய்துவிட்டார்கள். இத்தனை தெளிவான இலக்கணத்தை வைத்துக்கொண்டு, யாரோ செய்துவிட்டதைக் காட்டி 'பாருங்கள், எவ்வளவு தாழ்மை' என்று பிரசங்கம் பண்ணுகிறோம். ஐயரை மட்டும் குறை சொல்லவில்லை. ஆமென் சொன்னவர்களில் நானும் ஒருவன் என்று முதலிலேயே எழுதிவிட்டேன்.

இது எங்கள் ஊரில் முளைத்த பழக்கமும் இல்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்திய சபைகளில் சாதி வித்தியாசத்தை உறுதியாக, உடனடியாக, இறுதியாகக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். கோயிலில் கலந்து உட்காரவும் ஒரே பாத்திரத்தில் திருவிருந்து வாங்கவும் மனமில்லாமல் வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே விலகிப்போனார்கள். அவர்களும் பிலிப்பியர் நிருபத்தை வாசித்தவர்கள்தான். ஞானக் கீர்த்தனைகளை நம்மைவிட நன்றாகப் பாடியிருப்பார்கள். 'ஒருவரையொருவர் மேன்மையானவர்களாக எண்ணக்கடவீர்கள்' என்பதில் அந்த 'ஒருவரையொருவர்' மட்டும் எப்படியோ கண்ணில் படாமல் போயிருக்கிறது.

அந்த நிருபம் போய்ச் சேர்ந்த ஊரையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கிறேன். பிலிப்பி ரோமர்களின் குடியேற்ற நகரம். கி.மு. 42இல் அங்கே நடந்த போருக்குப் பிறகு ரோமப் படைவீரர்களுக்கு நிலம் கொடுத்துக் குடிவைத்தார்கள். ரோமக் குடிமகன் என்பதே அந்த ஊரில் பெரிய கௌரவம். அப்போஸ்தலர் பதினாறாம் அதிகாரத்தில், அந்த நிருபத்தை எழுதிய பவுலைப் பிடித்துக் கொடுக்கிறவர்கள்கூடத் தங்களை ரோமர் என்று சொல்லித்தான் பேசுகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் இருக்கிற சபைக்குத்தான் "தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து" என்று எழுதுகிறார். வெறுமையாக்க ஏதாவது இருக்கிறவர்களுக்கு எழுதின கடிதம் அது. அந்தச் சபையில் அடிமைகளும் இருந்திருப்பார்கள். அவர்கள் அதைக் கேட்டபோது, தாங்கள் போட்டிருக்கிற உடுப்பை ஆண்டவர் வாங்கிப் போட்டுக்கொண்டதாகக் கேட்டிருப்பார்கள். எஜமான்கள் காதில் விழுந்தது வேறு மாதிரி இருந்திருக்கும்.

(இவ்வளவு உயரமான வரிகளுக்குப் பின்னால், நாலாம் அதிகாரத்தில், எயோதியாளுக்கும் சிந்திகேயாளுக்கும் தனித்தனியாகப் புத்தி சொல்கிறார், சண்டை போடாமல் ஒரே சிந்தையாயிருங்கள் என்று. எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் யாராவது இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசாவிட்டால் என் அம்மா அவர்களுக்கு இந்தப் பேர்களைத்தான் வைப்பாள்.)

என் தாழ்மையின் கதை

இங்கே என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அசனத்தில் நான் பரிமாறுகிறவன். சென்னையில் ஓர் அலுவலகத்தில் நாற்பது பேர் எனக்குக் கீழே வேலை பார்க்கிறார்கள். ஊருக்கு வந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்குவேன். பதினைந்து வருஷமாக அப்படித்தான். "எவ்வளவு பெரிய வேலையில இருக்கான், பாரு, கொஞ்சமாவது பந்தா இருக்கா?" என்று கிழவிகள் சொல்வது காதில் விழும். விழவேண்டும் என்றுதான் அந்த வரிசையில் கொஞ்சம் மெதுவாக நடப்பேன். வாளியோடு நிற்கிற படம் சாயங்காலத்துக்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடும். யாரும் போடாவிட்டால் எனக்கு ஏதோ போலிருக்கும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. வாளி தூக்குவது ஒரு மணி நேர வேலை. பந்தி முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு, குருமனையில் வெளியூர் விருந்தாளிகளுக்குப் போடுகிற தனிப் பந்தியில் உட்கார்ந்துவிடுவேன். அங்கே சாம்பாரோடு கறி வறுவலும் உண்டு. பந்தலில் அது கிடையாது.

கொரிந்து சபையில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். பவுல் ரொம்பக் கோபமாக எழுதிய பகுதிகளில் ஒன்று, முதலாம் கொரிந்தியர் பதினோராம் அதிகாரம். நாம் அதில் திருவிருந்து ஏற்படுத்தின பாகத்தை மட்டும் எடுத்து மாதாமாதம் வாசிக்கிறோம். அதற்கு முன்னும் பின்னும் இருப்பது சாப்பாட்டுச் சண்டை. "அவனவன் தன்தன் சொந்த சாப்பாட்டை முந்திச் சாப்பிடுகிறான், ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்." அன்றைக்குச் சபை கூடியது வசதியான விசுவாசிகளின் வீடுகளில். ரோமானிய வீட்டுச் சாப்பாட்டு அறையில் மூன்று பக்கமும் மஞ்சம் போட்டிருக்கும். வழக்கமாக ஒன்பது பேர் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம். மற்றவர்களுக்கு முற்றம்தான். கூலிவேலை முடித்தோ, எஜமான் விட்ட பிறகோ வருகிறவர்கள் வருவதற்குள் உள்ளே இருக்கிறவர்கள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள் என்று வேத அறிஞர்கள் பலர் விளக்குகிறார்கள். அதற்கு ஓர் ஐம்பது வருஷம் கழித்து, பிளினி என்கிற ரோமப் பிரபு ஒரு கடிதத்தில் இதே மாதிரி ஒரு விருந்தைப் பற்றி முகம் சுளித்து எழுதியிருக்கிறார். வீட்டுக்காரனுக்கும் நெருங்கிய சிலருக்கும் ஒரு திராட்சரசம், அடுத்த படி நண்பர்களுக்கு வேறொன்று, அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானவர்களுக்கு மூன்றாவது ரகம். அதைப் படித்தபோது குருமனைக் கறி வறுவல் ஞாபகம் வந்து எனக்கு உடம்பு கூசியது.

அதற்குப் பவுல் சொல்கிற தீர்வு பெரிய தத்துவம் எதுவும் இல்லை. "நீங்கள் போஜனம்பண்ணக் கூடிவரும்போது, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்." இவ்வளவுதான். மூல மொழியில் அந்தச் சொல்லுக்கு ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளுங்கள் என்றும் பொருள் கொள்ளலாம் என்பார்கள். எனக்குக் காத்திருங்கள் என்பதே பிடித்திருக்கிறது. பசியோடு காத்திருக்கிறவனுக்கு யார் இன்னும் வரவில்லை என்பது கட்டாயம் தெரியும்.

மூடிய இலை

சரி, அடுத்த வருஷம் இதைச் சரிசெய்துவிடுவது என்று முடிவு பண்ணினேன். என் யோசனை எளிமையானது. கோயில்பிள்ளையை முதல் பந்தியில், ஐயருக்குப் பக்கத்தில் உட்கார வைப்பது. ஐயரிடம் சொன்னேன். அவருக்கும் சந்தோஷம். அவர் அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "இன்னைக்கு நம்ம கோயில்பிள்ளை முதல் பந்தியிலே நம்மோடு உட்காருவார்" என்று மைக்கில் வேறு அறிவித்துவிட்டார்.

அவர் வந்தார். நான்தான் கையைப் பிடித்து அழைத்துவந்தேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. நாற்காலியின் விளிம்பில் பாதி இடுப்பை வைத்து உட்கார்ந்தார். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சோறு விழுந்தது. நான் சாம்பார் வாளியோடு எதிரில் நிற்கிறேன். ஒரு வாய் எடுத்திருப்பார். "கோயில்பிள்ளை, ஸ்டோர் ரூம் சாவி எங்கே?" என்று குருமனைப் பக்கமிருந்து ஒரு குரல். இடது கையால் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து ஒரு பையனிடம் கொடுத்தார். எந்தச் சாவி என்று பையனுக்குத் தெரியவில்லை; திரும்பி வந்தான். அதற்குள் ஜெனரேட்டர் நின்றது. யாரோ அவர் பேரைச் சொல்லி, பேரைக்கூட இல்லை, வேலையைச் சொல்லிக் கத்தினார்கள். அப்புறம் தண்ணீர். பந்தலின் கடைசி வரிசையில் தண்ணீரே வரவில்லை. மூன்றாவது தடவை கூப்பிட்டபோது இலையை மடித்தார். சோறு அப்படியே உள்ளே இருந்தது. கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டார். ஐயருக்குப் பக்கத்து நாற்காலி பந்தி முடிகிறவரைக்கும் காலியாக இருந்தது. யாருக்கும் அங்கே போய் உட்கார மனம் வரவில்லை, யாருக்கும் அந்த இலையை எடுக்கவும் தோன்றவில்லை.

எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை அழகாக இருக்கும். ஆனால் உண்மை இதுதான்: இவ்வளவு ஏற்பாடு செய்தும் மனுஷன் எழுந்து போய்விட்டாரே என்று கோபம். எல்லாப் பந்தியும் ஓய்ந்த பிறகு, கோயிலுக்குப் பின்னால், அவரும் அவர் மனைவியும் அண்டா கழுவுகிற இடத்துக்குப் போனேன். "எதுக்கு அண்ணாச்சி எந்திச்சீங்க? யாராவது பாத்துக்க மாட்டாங்களா?"

அவர் பதில் சொல்லவில்லை. மதினிதான் சொன்னாள். தேங்காய்நாரும் சாம்பலுமாகக் கையை வைத்துக்கொண்டு, நிமிராமல். "அவுகளுக்கு எல போட்டீங்க தம்பி, நல்லதுதான். அவுக வேலைய யாரு எடுத்தா?"

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. யோவான் பதின்மூன்றாம் அதிகாரத்தை எடுத்தேன். இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவுகிற, பெரிய வியாழன்தோறும் கேட்கிற பகுதி. எங்கள் கோயிலில் சில வருஷம் கால் கழுவுகிற ஆராதனையும் நடந்ததுண்டு. கழுவ வேண்டிய பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, புது வேட்டி கட்டிக்கொண்டு வருவார்கள். அதனால் அந்தக் காட்சியின் அழுக்கு எனக்கு என்றைக்குமே உறைத்ததில்லை. சின்ன வயதில் எனக்கு அதில் வேறு குழப்பம் இருந்தது. "போஜனத்தை விட்டெழுந்து, வஸ்திரங்களைக் கழற்றிவைத்து, ஒரு சீலையை எடுத்து, அரையிலே கட்டிக்கொண்டு" என்று வாசிப்பார்கள். எங்கள் ஊரில் சீலை என்றால் சேலை. இயேசு எதற்கு அம்மா மாதிரி சேலை கட்டினார் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் அந்தக் குழப்பம் ஒன்றும் பெரிய தப்பில்லை என்று படுகிறது. எங்கள் வீடுகளில் அந்த மாதிரி வேலை செய்கிறவர்கள் சீலை கட்டியவர்கள்தானே.

அந்த ராத்திரி வேறொன்றைக் கவனித்தேன். அந்த மேல்வீட்டு அறையில் கால் கழுவ வேண்டிய ஆள் இல்லை. பாத்திரம் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, சீலை இருக்கிறது. ஆள் மட்டும் இல்லை. அது வேலைக்காரன் செய்கிற வேலை. சீஷர்களில் ஒருவனும் எழுந்திருக்கவில்லை. லூக்கா சொல்வதன்படி அதே பந்தியில் அவர்களுக்குள் யார் பெரியவன் என்கிற வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. இயேசு எழுந்து அந்த வேலையை எடுத்துக்கொள்கிறார். வேலைக்காரர்களின் பொறுமையைப் பாராட்டி ஒரு வார்த்தை இல்லை. ஒரு வேலைக்காரனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைக்கவும் இல்லை. எழுகிறார், கழற்றுகிறார், கட்டுகிறார், வார்க்கிறார், கழுவுகிறார், துடைக்கிறார். விளக்கம் அப்புறம்தான். அவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் காலும் அதில் உண்டு. அவன் எழுந்து வெளியே போனது இதற்குப் பிறகே. அதற்கும் பின்னால்தான், அதே அதிகாரத்தின் கடைசியில், "நான் உங்களில் அன்பாயிருந்ததுபோல நீங்களும் ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள்" என்கிற புதிதான கட்டளை வருகிறது. 'அன்பாயிருந்ததுபோல' என்றால் எதைப்போல என்று சீஷர்கள் கேட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. கால் இன்னும் ஈரமாக இருந்திருக்கும்.

நான் செய்தது நேர் எதிர். அவருடைய வேலை அவர் தலையிலேயே இருக்க, அவர் உடம்பை மட்டும் நாற்காலிக்கு மாற்றினேன். "இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" என்று கொரிந்தியரைக் கேட்ட கேள்வி, மைக் வைத்துக் கௌரவிக்கிறவர்களுக்கும் பொருந்தும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

சாவிக்கொத்து

போன வருஷம் வெள்ளிக்கிழமையே ஊருக்குப் போய்விட்டேன். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த ஒருவன், கமிட்டிச் செயலாளரின் மகன், நான், மூன்று பேருமாக அண்ணாச்சியிடம் போய், ஞாயிற்றுக்கிழமை முழுக்க உங்கள் வேலையை எங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டோம். சிரித்தார். நம்பவில்லை. சாவிக்கொத்தைத் தருவதற்கு முன்னால் இரண்டு தடவை திருப்பிச் சொல்லவைத்தார்: இது சின்ன அலமாரி, இது ஸ்டோர், இது மணிக்கூண்டு, இந்தத் துருப்பிடித்தது எதற்கும் ஆகாது, ஆனால் தொலைத்துவிடாதீர்கள். மொத்தம் பதினாலு.

மணியடிப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. கயிற்றை இழுப்பது பெரிசில்லை, விடுவதுதான் வித்தை. எனக்கு அது வரவில்லை. ஒரு அடி, ரொம்ப நேரம் கழித்து இன்னொரு அடி. கோயில் தெருவில் கதவுகள் திறந்தன. ஒரு பாட்டி வாசலில் நின்று "யாருய்யா செத்தது?" என்று கேட்டாள். பிரதிஷ்டைப் பண்டிகை அன்றைக்குத் துக்கமணி அடித்தவன் என்கிற பேர் எனக்கு இனி சாகும்வரை போகாது.

இலை எடுப்பதைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். ஐம்பத்திரண்டு வயதில் அன்றைக்குத்தான் முதல்தடவையாக இன்னொருவர் சாப்பிட்ட இலையை எடுத்தேன். வாளி தூக்குகிற கை வேறு, எச்சில் இலை எடுக்கிற கை வேறு என்று என் உடம்புக்கு யாரோ எப்போதோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். முதல் இருபது இலை வரைக்கும் குமட்டிக்கொண்டு வந்தது. கடித்துப் போட்ட எலும்பு, மூக்குத் துடைத்த காகிதம், சாம்பாரில் மிதக்கிற முடி. அம்மா ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எண்பது வயது. வாளியோடு நான் நிற்கும்போதெல்லாம் பூரித்துப்போகிறவள் அன்று சாயங்காலம் முழுக்க என்னோடு பேசவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது, "கைய நல்லாக் கழுவினியா?" என்று மட்டும் கேட்டாள். யாரும் அதைப் படம் எடுக்கவும் இல்லை. நான் ஒன்றிரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் மாறிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். சம்பளத்தை உயர்த்தச் சொல்லிக் கமிட்டியில் பேசினேன். அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்றார்கள். "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்புகிறவர்களைப் பற்றி யாக்கோபு எழுதியதை எடுத்துச் சொல்லலாமா என்று நினைத்தேன். வருஷத்துக்கு மூன்று நாள் ஊருக்கு வருகிறவன் வசனம் சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசித்து, கடிதமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டம் இன்னும் கூடவில்லை. குருமனைத் தனிப் பந்தியும் நடக்கத்தான் செய்தது. நான் போகவில்லை, அவ்வளவுதான்.

அண்ணாச்சி முதல் பந்திக்கு வரவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை. இரண்டாவது பந்தியில், நடு வரிசையில், யாரும் பார்க்காத நேரத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மதினி. ஈரக் கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தாள். சாவி என்னிடம் இருந்ததால் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. என்னைத்தான் கூப்பிட்டார்கள், பத்து நிமிஷத்தில் ஆறு தடவை. ஜெனரேட்டர் அந்த வருஷமும் நின்றது. நான் டீசல் ஊற்றிவிட்டு ஓடி வரும்போது அவர் சோற்றைப் பிசைந்து முடித்து, ரசத்துக்காகக் குழி பண்ணி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் கடுகடுத்தது.

"ஏ தம்பி, மணிய அப்படியா அடிக்கது? ஊரையே பதற வச்சிட்டீங்க." பக்கத்து இலைக்காரர் சிரித்தார். "அது கெடக்கட்டும். இந்த வரிசைக்கு ரசம் வந்து எம்புட்டு நேரமாச்சு? ஆளு நிக்காங்களா இல்லியா? மதினிக்கு அப்பளமும் வைக்கல."

வாளியைத் தேடிக்கொண்டு ஓடினேன்.